வாக்குக் கொடுத்த வைரம்

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது பெண்டாட்டியை ஜெயித்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று சபதம் எடுத்தேன். சமையலறைக்குக் கேட்காத தூரத்தில் நின்றுதான் எடுத்தேன்.

நான் மரம் அறுக்கும் மில்லில் சூப்பர்வைசர். சிலேடை என்றால் எனக்கு உயிர். என் மனைவிக்கு அது தலைவலி. "மில்லுல மரத்தை அறுக்கறது போதாதா? வீட்டுக்கு வந்து என்னையும் அறுக்கணுமா?" என்பாள்.

கல்யாண நாள் நெருங்கியது. காபி டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"இந்தத் தடவை எனக்கு வைரம் வேணும்."

"வைரமா?"

"ஏன், காதுல நுழையலியா?"

"காதுல நுழையுது. பர்ஸுலதான் நுழைய மாட்டேங்குது."

"இந்த அறுவையெல்லாம் வேண்டாம். வாங்கித் தருவீங்களா, மாட்டீங்களா?"

"சரி, சரி, தரேன். கம்மலா, மோதிரமா?"

"அது உங்க இஷ்டம். பெரிசா இருந்தா போதும்."

பெரிசா! வாக்கு வேறு கொடுத்துத் தொலைத்துவிட்டேன். கொடுக்காவிட்டால் மானம் போகும், கொடுத்தால் மற்றதெல்லாம் போகும்.

பித்துப்பிடித்தவன் போல மில்லுக்குப் போனேன். கொட்டகையில் ஒரு ராட்சச மரத்தின் பலகைகள் அடுக்கியிருந்தன. போன வருஷப் புயலில் சாய்ந்த மரம். நாலு ஆள் கைகோத்து நின்றாலும் அதைக் கட்டிப்பிடிக்க முடியாது. அறுத்த அன்றைக்கு வாளே கதறியது. ஓரத்துக் கட்டை வெளுப்பு, பூச்சிக்குப் பலகாரம். நடுக்கட்டையோ கருஞ்சிவப்பு. கரையான் கடித்தால் கரையானுக்குத்தான் பல் போகும்.

எங்கள் மில்லுக்கு வழக்கமாக வரும் ஆசாரி ஒரு பலகையைச் சுண்டிப் பார்த்தார். டங்கென்றது.

"நல்லா வைரம் பாஞ்ச மரம் சார்."

"என்ன சொன்னீங்க?"

"வைரம் சார். வைரம்!"

அட, அட, அட! மரத்துக்குள்ளேயே வைரம் இருக்கும்போது நகைக்கடைக்காரனிடம் எதற்குப் போக வேண்டும்? அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஆசாரி, இந்த வைரத்துல பெரிசா ஏதாவது பண்ணணுமே."

"கட்டில் போட்டுடலாமே சார்" என்றார் அவர், யோசிக்காமலே.

அதற்கப்புறம் குளியலறைக் கண்ணாடி முன்னால் தினமும் ஒத்திகை. அவள் கேட்பது, நான் சொல்வது, அவள் வாயடைத்துப் போவது. நடுவில் சிரித்துவிட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டுச் சமாளித்தேன்.

கல்யாண நாளன்று அவள் கடைக்குப் போயிருந்தபோது ஆசாரி வந்து கட்டிலை மாட்டி முடித்தார். அவர் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் வந்துவிட்டாள். கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிப்போனேன்.

"இந்தா, நீ கேட்ட வைரம்!"

"எங்க?"

"நாலு கால்ல நிக்குது பாரு! முழுக்க வைரம். தண்ணி ஊறாது, பூச்சி அரிக்காது, திருடனாலயும் தூக்க முடியாது. பெரிசா வேணும்னியே? ஊர்ல எவளுக்காவது இவ்வளவு பெரிய வைரம் இருக்கா?"

சொல்லிவிட்டு அறைக்கதவுப் பக்கமாக ஒதுங்கி நின்றேன். எதுவும் பறந்து வரலாம்.

எதுவும் வரவில்லை. அவள் தலைமாட்டை விரலால் தட்டிப் பார்த்தாள். உட்கார்ந்தாள். அப்புறம் காலை நீட்டி ராணி மாதிரி படுத்துக்கொண்டாள்.

"அப்பாடா! இடுப்புக்கு எவ்வளவு இதமா இருக்கு!"

"கோ… கோபமில்லையா?"

"சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டீங்க. கோபம் எதுக்கு?"

சிரித்தாள். அவள் கத்தியிருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பேச்சை மாற்றலாமென்று கட்டிலைப் பார்த்தேன். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தது. பீரோக் கதவுகூட இடிக்கவில்லை.

"ஆசாரி, நான் அளவே சொல்லலையே? எப்படி இவ்வளவு கச்சிதமா வந்தது?"

ஆசாரி உளியைப் பையில் போட்டபடி சொன்னார். "அம்மா போன மாசமே கொடுத்துட்டாங்களே சார்."

நான் திரும்பினேன். அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"கட்டில் வேணும்னு நேரா கேட்டப்பல்லாம் 'மரம் இன்னும் காயல, காயல'ன்னீங்க. வைரம் கேட்டேன், உடனே காஞ்சிடுச்சு!"