உள்ளேயிருந்து வந்தால்தான் சொல்வார்

நாடகம் படிக்கிறவர்களில் பல இனங்கள் உண்டு. ஒத்திகைக்கு வராமலேயே உடம்பு வலிக்கிறது என்பவர், எந்த வேடம் கொடுத்தாலும் மீசை கேட்பவர், கைதட்டல் நின்ற பிறகும் கும்பிட்டுக்கொண்டே நிற்பவர். இவர்களையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இன்று நான் உங்களுக்குக் காட்டப்போவது இவர்கள் எல்லோருக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் ஓர் இனம். 'உள்ளேயிருந்து வரவேண்டும்' இனம்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் கேள்வி கேட்ட பிறகு மூன்று எண்ணுங்கள். அதற்குள் பதில் வந்துவிட்டால் அவர் வேறு யாரோ. நம்மவர் முதலில் கண்ணை மூடுவார், பிறகு மூச்சை இழுப்பார், இழுத்த மூச்சை அடிவயிற்றில் கொஞ்ச நேரம் வாடகைக்கு வைப்பார், அதை ஒரு பெரிய ஓசையோடு வெளியே விடுவார், விட்டபின் உங்களை முதல்முறை பார்ப்பது போலப் பார்த்து, "என்ன கேட்டீங்க?" என்பார். நீங்கள் கேட்டது மணி என்ன என்பதுதான்.

எங்கள் துறைக்கு வாய்த்தவர் பிரபாகர். மாரண்டஹள்ளிக்காரர், முதுகலை நாடகம் இரண்டாம் ஆண்டு. தினமும் பேருந்தில் வருகிறவர். ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து இந்த மூச்சுப் பயிற்சியைச் செய்துகொண்டு வந்திருக்கிறார். பக்கத்து இருக்கை அம்மா பயந்துபோய்க் கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் மூக்கில் வைத்துத் தேய்த்திருக்கிறார். முன்சீட்டுக்காரர் துண்டால் விசிறியிருக்கிறார். நடத்துநர் விசில் அடித்து, பாலக்கோடு ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியேவிட்டார். பிரபாகர் இறங்கி, அங்கிருந்து நடந்தே பேருந்து நிலையம் போய், வேறு வண்டி பிடித்து வந்து எங்களிடம் சொன்னது இதுதான்: "ஜனங்க நம்பிட்டாங்க. அதான் நடிப்பு."

அந்த எலுமிச்சம்பழத்தை ஒரு வாரம் வைத்திருந்தார்.

உணவகத்திலும் இதே கதை. அங்கே தேநீர் போடுகிற சின்னக்கண்ணு அண்ணன் ரொம்பப் பொறுமைசாலி.

"தம்பி, டீயா காப்பியா?"

"இப்ப நான் பிரபாகரா குடிக்கணுமா, பாத்திரமா குடிக்கணுமாண்ணா?"

"எவன் குடிச்சாலும் சரிங்க தம்பி, கிளாஸக் கழுவி வெச்சுட்டுப் போங்க."

இப்படிப்பட்டவரை ஏன் நடிக்கக் கூப்பிட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எங்களுடையது சின்னப் பல்கலைக்கழகம். தருமபுரியிலிருந்து நகரப் பேருந்தில் வந்து, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, மாந்தோப்புக்கு நடுவே கால் மணி நேரம் நடந்தால் வரும். நாடகத்துறை முன்பு சைக்கிள் நிறுத்துமிடமாக இருந்தது. தூண்களில் இன்னமும் எண்கள் உண்டு. "இரண்டாவது காட்சியில் பதினேழாம் நம்பருக்கு வந்து நில்" என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். மொத்தம் ஒன்பது மாணவர்கள். அதில் ஆண்கள் மூவர். ஒருவருக்கு அப்போது காலில் மாவுக்கட்டு. இன்னொருவர் மேடையைப் பார்த்தால் சிரித்துவிடுவார். மிச்சம் யார்? ஆகவே, பிரபாகர்.

கனிமொழி அக்காவின் இறுதித் தேர்வு நாடகத்துக்கும் அப்படித்தான் அவர் வந்து சேர்ந்தார்.

அக்காவின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் ஒரு பள்ளியில் அவருக்கு நாடக ஆசிரியை வேலை தயாராக இருந்தது. ஜூனில் சேர வேண்டும். இந்த ஒரு செய்முறைத் தேர்வில் தேறினால் வேலை, தேறாவிட்டால் இன்னும் ஓராண்டு அதே பதினேழாம் நம்பர் தூண். எங்கள் துறையின் வழக்கம் என்னவென்றால், தேர்வு நாடகத்தை உள்ளே போடக்கூடாது, ஊருக்குள் சனங்கள் நடுவில்தான் போட வேண்டும். புறத்தேர்வாளர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று மதிப்பெண் போடுவார். அக்கா தேர்ந்தெடுத்த இடம், கம்பைநல்லூர்ச் சந்தை.

கதை இவ்வளவுதான். தெருக்குழாயில் தண்ணீருக்காக நான்கு பெண்கள் குடம் வைத்து இடம் பிடித்திருக்கிறார்கள். குடம் இல்லாதபோது கல்லை வைத்துவிட்டுப் போனவளுக்கும் செருப்பை வைத்துவிட்டுப் போனவளுக்கும் சண்டை. இருபது நிமிடச் சண்டைக்குப் பிறகு, தண்ணீர் திறந்துவிடும் ஆபரேட்டர் சாவியோடு வந்து, "தண்ணி வந்துடுச்சு" என்பார். எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நாடகம் முடிந்தது.

பிரபாகருக்கு அந்த ஆபரேட்டர் வேடம். ஒரே வசனம். இரண்டே சொல்.

சின்ன வேடம் என்றால் சின்ன உழைப்பு என்று நினைப்பவர்கள் இந்த இனத்தை அறியாதவர்கள். பிரபாகர் அந்த ஆபரேட்டருக்கு அறுபது பக்கத்தில் வாழ்க்கை வரலாறு எழுதினார். அவருக்கு ஆறாம் வகுப்பில் கிணற்றில் விழுந்த அனுபவம், பதினெட்டு வயதில் ஒரு காதல் தோல்வி, நாற்பதில் இடது முழங்காலில் ஓர் அறுவைச் சிகிச்சை. அதனால் நொண்டினார். வலது காலை.

பிறகு கள ஆய்வு. மாரண்டஹள்ளியில் நிஜமாகவே தண்ணீர் திறந்துவிடும் ஆண்டி அண்ணனோடு ஒரு வாரம் சுற்றினார். வால்வைத் திருப்புகிற சாவி என்பது இடுப்புயர இரும்புக் கம்பி, தலையில் குறுக்கே ஒரு கைப்பிடி. ஆண்டி அண்ணன் ஒருநாள் அதை இவர் கையில் கொடுத்து, "தம்பி, ரெண்டு சுத்து திருப்பி வுடுங்க, ஒரு டீ குடிச்சுட்டு ஓடியாந்தர்றேன்" என்று போயிருக்கிறார். திரும்பி வந்தால் இரண்டு தெருப் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். நம்மவர் சாவியை மார்போடு அணைத்து, அதன் கனத்தை உணர்ந்துகொண்டிருக்கிறார்.

"அட ஏந்தம்பி! இது தெறக்கறதுக்குங்க. தடவறதுக்கு இல்லீங்க."

ஆண்டி அண்ணன் தேய்ந்துபோன ஒரு பழைய சாவியைக் கொடுத்து, இனி இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று அனுப்பிவைத்தார். பிரபாகர் இதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒத்திகையில் வசனம் வர மறுத்தது.

"கனி, நான் ஏன் இதச் சொல்றேன்?"

"தண்ணி வந்துடுச்சு. அதனால சொல்ற."

"அது வெளிக் காரணம். உள் காரணம் என்ன?"

"நீ சொல்லலன்னா நான் பெயிலு. இது போதுமா உள் காரணம்?"

பிரபாகர் கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். நாங்கள் ஒன்பதாம் நம்பர் தூணில் சாய்ந்து காத்திருந்தோம். "இன்னைக்கு உள்ள இருந்து வரல. அன்னைக்கு வரும்" என்றார். எங்கள் பேராசிரியை பானுமதி மேடம் இந்த வாக்கியத்தை ஒரு தத்துவம் போலக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். முதல் ஆண்டில் பிரபாகருக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

அந்த நாளும் வந்தது. சந்தையில் தக்காளிக் கூடைகளுக்கும் புளி மூட்டைகளுக்கும் நடுவே ஒரு வட்டம் கிடைத்தது. தேர்வாளர் வட்டத்தின் ஓரத்தில் பேனாவோடு நின்றார். கனிமொழி அக்கா ஒரு மினி லாரிக்குப் பின்னால். வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை எனக்கு. ஆகவே நான் புளி மூட்டைக்குப் பின்னால்.

நாடகம் ஜோராகப் போனது. கல்லுக்காரியாக ரேவதியும் செருப்புக்காரியாக சசிகலாவும் போட்ட சண்டையில் சந்தையே வியாபாரத்தை விட்டுவிட்டு வந்துவிட்டது. "அந்தச் செருப்பு எடத்துல கல்ல வெச்சவள வுடாதடி!" என்று பார்வையாளர்களே கட்சி கட்டினார்கள். இருபதாவது நிமிடம், சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு பிரபாகர் நொண்டி நொண்டி வந்தார். இந்த முறை சரியான காலையே நொண்டினார். அக்கா கண்ணில் நீர் வந்துவிட்டது.

பிரபாகர் நின்றார். வானத்தைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் மூட்டைக்குப் பின்னாலிருந்து, "தண்ணி வந்துடுச்சு" என்று மெதுவாகச் சொன்னேன். பிறகு கொஞ்சம் உரக்கச் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு உரக்க நான் பேசியதில்லை. எனக்குப் பக்கத்தில் கட்டியிருந்த ஆடு திரும்பிப் பார்த்தது. பிரபாகர் பார்க்கவில்லை.

ரேவதி சமாளித்தாள். "அண்ணா, தண்ணி வருமாங்கண்ணா?"

பிரபாகர் பெருமூச்சு விட்டார்.

சசிகலா இன்னும் ஒரு படி மேலே போய் மயங்கி விழுந்தாள். நாடகத்தில் அது இல்லை. பிரபாகர் அவளைத் தாண்டி அந்தப் பக்கம் நின்று, அங்கிருந்து வானத்தைப் பார்த்தார்.

"வசனம் மறந்துட்டான்டா" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"இல்லீங்க, ஊமையாட்டம் இருக்குது."

லாரிக்குப் பின்னால் அக்கா தன் தலையைக் கையால் பிடித்துக்கொண்டார். ஓசூர் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போய்க்கொண்டிருந்தது. தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் என் மூட்டை அசைந்தது. அதாவது, அந்த மூட்டையின் மேல் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த புளி வியாபாரி காசியம்மாள் எழுந்தார்.

"ஏம்ப்பா! எங்க தெருவுலயும் இப்பிடித்தான் ஒருத்தன். சாவிய வெச்சுக்கிட்டு வானத்தப் பாத்துட்டு நிப்பான். காலையில அஞ்சு மணியில இருந்து நின்னுட்டு வந்துருக்கறேன், இங்கயும் நிக்கணுமா? தெறக்கறியா, இல்ல சாவியக் குடுக்கறியா?"

பிரபாகர் கண்ணை மூடினார். அது அவர் செய்த தவறு. மூன்று எண்ணுவதற்குள் காசியம்மாள் வட்டத்துக்குள் வந்து, சாவியைப் பிடுங்கி, தரையில் ஊன்றி, இரண்டு கையாலும் மூன்று சுற்று திருப்பினார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத அந்த மண்ணில் தண்ணீர் வரும் சத்தம் எனக்கு நிஜமாகவே கேட்டது.

"வந்துருச்சு, புடிங்கடி!"

மயங்கிக் கிடந்த சசிகலா முதலில் ஓடினாள். ரேவதி ஓடினாள். கூட்டத்திலிருந்த பெண்கள் கூடையும் பையும் வாளியுமாக உள்ளே பாய்ந்து வரிசை பிடித்தார்கள். ஒருவர் தன் செருப்பைக் கழற்றி வைத்து இடம் பிடித்தார். சந்தை முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

தேர்வாளர் எழுதினார். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. கீழே ஒரு குறிப்பு: 'பார்வையாளரையே பாத்திரமாக்கி, நாடகத்தின் முடிவை அவர்கள் கையில் கொடுத்த இயக்குநரின் துணிச்சல் பாராட்டுக்குரியது.'

அக்கா அதைப் படித்தார். படித்துவிட்டு, கையில் கிடைத்த குடத்தைத் தூக்கிக்கொண்டு பிரபாகரைத் தேடிப் போனார். நாங்கள் தடுக்கவில்லை. பிரபாகர் ஒரு தக்காளிக் கூடையின் மேல் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்டா சொல்லல?"

ஒன்று. இரண்டு. மூன்று.

"நான் சொல்லியிருந்தா, அந்தம்மா சொல்லியிருக்குமா கனி?"

ஓங்கிய குடம் அந்தரத்தில் நின்றது. தொண்ணூற்று நான்கு மதிப்பெண் கையில் இருக்கிறதே! அக்கா குடத்தை மெல்ல இறக்கினார். கூடைக்காரர் வந்து, "தம்பி, அது உக்கார்ற எடம் இல்லீங்க, பழம்" என்று சொன்னபோதுதான் பிரபாகர் எழுந்தார். கால்சட்டையின் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு.

சாவியைக் கேட்டு நான்தான் காசியம்மாளிடம் போனேன். அவர் அதைப் புளி மூட்டைகளுக்கு நடுவே செருகி வைத்திருந்தார். "தர மாட்டேன் போ கண்ணு. எங்க ஊர் வால்வுக்குச் சேருதான்னு நாளைக்குப் பாக்கறேன்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அவர் எங்களில் யாரைவிடவும் அதை நன்றாகத் திருப்பியிருந்தார்.

அக்கா இப்போது ஓசூரில் பாடம் நடத்துகிறார். அவர் வகுப்புச் சுவரில் ஒரே ஒரு விதி எழுதியிருக்கிறதாம்: 'முதலில் சொல். அப்புறம் உணர்ந்துகொள்.' எங்கள் துறையிலோ நிலைமை வேறு. இந்த ஆண்டு வந்த புதிய மாணவர்கள் வசனம் மறந்தால் பதறுவதே இல்லை. நின்று வானத்தைப் பார்க்கிறார்கள். அதற்கு 'பிரபாகர் நிறுத்தம்' என்று பெயரே வந்துவிட்டது. பானுமதி மேடம் அதைத் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாகக் கேட்டிருந்தார்.

நாடகத்துறைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத நமக்கென்ன என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் சாப்பிட்டுக் கை கழுவும்போது 'நல்லாருந்துச்சு' என்ற ஒரே சொல்லை, காலையில் போட்ட சண்டைக்கு 'என் தப்புதான்' என்ற இரண்டே சொல்லை, தொண்டை வரைக்கும் கொண்டுவந்து, அது தானாக உள்ளேயிருந்து வரட்டும் என்று ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லையா நீங்கள்? எதிரே ஒருவர் காலிக் குடத்தோடு நிற்கவில்லையா?

எதற்கும் கம்பைநல்லூர்ச் சந்தைக்குப் போனால் புளிக் கடையை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுங்கள். அந்தம்மா மூன்று எண்ணுகிற வரைக்கும் காத்திருக்க மாட்டார்.