தன்னைத் தேடச் சொன்ன ஆடு

உவமைகளைப் பெரியவர்களுக்குச் சொல்லலாம், ஆபத்தில்லை. கேட்பார்கள், தலையாட்டுவார்கள், பூசை முடிந்ததும் மீன் வாங்கப் போய்விடுவார்கள். பிள்ளைகளுக்குச் சொல்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும். அவர்கள் கேட்டதை அப்படியே செய்துவிடுவார்கள்.

இது எனக்குத் தெரியவந்தது நாற்பத்துநான்காம் வயதில். அப்போது நான் மன்னாரில் ஒரு கந்தோரில் வேலை செய்துகொண்டு, மிச்ச நேரத்தில் வசன கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். (இப்போதும் அதுதான். யாரும் தடுக்கவில்லை.) காற்று, உப்பு, கடல் மூன்றையும் எடுத்துவிட்டால் இவரிடம் வேறு சரக்கில்லை என்று ஒருவர் என்னைப் பற்றி எழுதியிருந்தார். அவருக்கு மூன்று பக்கத்தில் பதில் எழுதினேன். அதில் இரண்டரைப் பக்கம் காற்றுதான்.

அந்தத் தவக்காலத்தில் என் மனைவி ரெஜினாவுக்கு ஆஸ்பத்திரியில் ஞாயிறு டியூட்டி. பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி நற்செய்திக் கதை சொல்வது அதுவரை அவள் வேலையாக இருந்தது. அதை என்னிடம் ஒப்படைத்தாள்.

"எனக்கு உதெல்லாம் வராது, ரெஜினா."

"ஊருக்கெல்லாம் கவிதை சொல்லுறீங்கள். பெத்த பிள்ளையள் ரெண்டுக்கும் ஒரு பைபிள் கதை சொல்ல ஏலாதோ?"

ரோசம் வந்துவிட்டது. சனிக்கிழமை பின்னேரம் பாய் விரித்து, ஒன்பது வயது மெரினாவையும் ஆறு வயது ஜெரோமையும் முன்னால் இருத்தி, காணாமற்போன ஆட்டின் கதையை எடுத்தேன். நற்செய்தியில் அது ஐந்தாறு வரிதான். நான் நாற்பது நிமிடம் எடுத்தேன்.

நூறு ஆடுகளையும் எங்கள் தீவுக்கே கொண்டுவந்து மேயவிட்டேன். காற்றை வீசவிட்டேன் (வேறென்ன செய்வேன்). நூறாவது ஆட்டுக்குட்டியை ஓர் உடைமரப் பத்தைக்குள் சிக்கவைத்து, அதன் இடது காதில் ஒரு முள்ளையும் ஏற்றினேன். பைபிளில் அந்தப் புதரும் இல்லை, முள்ளும் இல்லை. மேய்ப்பன் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டான். கண்டுபிடித்தான். தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அயலட்டை எல்லாரையும் அழைத்து, என்னோடு சேர்ந்து சந்தோஷப்படுங்கோ என்றான். என் கண்ணே கலங்கிவிட்டது.

மெரினா, நூறு ஆட்டுக்கும் தின்ன ஆர் குழை வெட்டிப் போட்டது என்று கேட்டாள். ஜெரோம் வேறு கேள்வி கேட்டான்.

"அப்பா, மேய்ப்பனுக்கு அந்த ஆட்டிலதான் கூட விருப்பமோ?"

"அதைக் கண்டுபிடிச்சதிலதான் கூடச் சந்தோஷம்."

"துலைஞ்சதாலயோ?"

"ஓம். துலைஞ்சு, பிறகு கிடைச்சதால."

அவன் வாசலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தான். பிள்ளைக்குள் விசுவாசம் வேர்விடுகிறது என்று நினைத்துப் பூரித்துப்போனேன். உண்மையில் அவன் துலைய இடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாள் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, முற்றத்து வேம்பின் கீழ் கதிரையைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். முந்தின நாள் கதை என்னை விடவில்லை. தொலைந்த ஒன்றைத் தேடும் ஒருவனைப் பற்றி, நீளமாக, மூச்சுவிடாமல் ஒரு கவிதை வந்துகொண்டிருந்தது. பேனா ஓடிய ஓட்டத்தில் வீடு, வாசல், பிள்ளை, வெயில் ஒன்றும் தெரியவில்லை. அப்போது வேலிக்கு அப்பால் உடைமரப் பத்தைக்குள் ஓர் ஆடு கத்தியது.

"மே."

பொருட்படுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி, இந்தமுறை நீளமாக: "மே…ஏ."

"மெரினா, அந்த ஆட்டைக் கலை பிள்ளை."

அவள் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். "அது கலைச்சாப் போகாது அப்பா."

"ஏன்?"

"அது உங்களைத்தான் கூப்பிடுது."

என்ன வரி. உடம்பு சிலிர்த்தது. அப்படியே கவிதையில் எழுதிக்கொண்டேன்: கலைத்தாலும் போகாது, அது உன்னைத்தான் கூப்பிடுகிறது. (பிறகு அந்தக் கவிதை ஒரு விழா மலரில் வந்தது. பலரும் பாராட்டிய வரி அது ஒன்றுதான்.) மெரினா தலையில் கைவைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் தரம் ஆடு கத்தியபோது நான் கவிதையின் உச்சத்தில் இருந்தேன். மேய்ப்பன் கையை நீட்டுகிறான், விரல் நுனி ஆட்டின் ரோமத்தில் படப்போகிறது. இடது கால் செருப்பைக் கழற்றிப் பத்தையைப் பார்த்து எறிந்தேன். ஆடு அடங்கியது. நிம்மதியாக எழுதி முடித்தேன்.

பிறகு போன் அடித்தது. பஸ் நிற்கும் இடத்தில் கடை வைத்திருக்கும் சலீம் நானா.

"தம்பி, ஒங்கட மவன் காணாமப் போயிட்டான்."

கதிரை விழ எழுந்தேன். "எங்க நானா? ஆர் சொன்னது?"

"அவனே வந்து சொன்னான்."

"இப்ப எங்க நிக்கிறான்?"

"அதச் சொல்லக் கூடாதாம்."

பின்னால் ஐஸ்பெட்டியின் இரைச்சல் கேட்டது. அதற்கும் மேலாக என் மகனின் குரல்: "தேடச் சொல்லுங்கோ நானா."

சலீம் நானா குரலைத் தாழ்த்தினார். "புள்ள ரெண்டு மணித்தியாலமாப் பத்தைக்குள்ள இருந்தானாம். ஒருத்தரும் வரல்லயாம். அதான் எங்கட கடையில வந்து காணாமப் போயிருக்கான். கண் சிவந்திருக்கு தம்பி. கொஞ்சம் சத்தமாத் தேடிக்கிட்டே வாங்களன். ரோட்டுல கேக்கிற மாதிரி."

புத்தியுள்ளவன் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கியிருப்பான். நான் கலைஞன். ஒற்றைச் செருப்போடு ரோட்டில் இறங்கி, இரண்டு கையையும் விரித்து, "ஜெரோம்… ஜெரோம்…" என்று தொடங்கினேன். முதல் கூப்பாடு சாதாரணமாகத்தான் இருந்தது. இரண்டாவதில் கொஞ்சம் நடுக்கம் சேர்த்தேன். மூன்றாவதை, உண்மையைச் சொன்னால், நானே இரசித்தேன். ரோட்டின் நடுவில் நின்ற இரண்டு கழுதைகள்கூட, ஹோர்ன் அடித்தாலும் விலகாதவை, எனக்கு வழிவிட்டன.

அடுத்த வீட்டு மேரியக்கா வேலிப் படலைக்கு ஓடிவந்தார். "என்ன தம்பி, என்ன?"

"என்ர ஆட்டுக்குட்டியைக் காணேல்லை அக்கா," என்றேன். நாடகம் என்று விளங்கட்டும் என்பதற்காகக் கண்ணையும் சிமிட்டினேன். நான் கண்ணீரை அடக்குகிறேன் என்று அவர் நினைத்துவிட்டார்.

"ஐயோ, துலைஞ்சதைத் தேடித் தாற அந்தோனியாரே," என்றார். அந்த நிமிடத்திலேயே, துலைஞ்ச பிள்ளை கிடைத்தால் தகப்பன் ஒரு பெட்டி மெழுகுதிரி கொளுத்துவான் என்று என் சார்பில் நேர்த்தியும் வைத்துவிட்டு உள்ளே திரும்பி, "இஞ்சாருங்கோ, ஓட்டோவை எடுங்கோ" என்று கத்தினார். அவரது கணவர் பெனடிக்ற் அண்ணை சோறு பிசைந்த கையோடு ஓட்டோவை எடுத்துக்கொண்டு தாராபுரம் பக்கமாகப் பறந்தார். "அண்ணை, நில்லுங்கோ" என்று நான் கூப்பிட்டது அந்த இரைச்சலில் கேட்கவில்லை. இரண்டு பேர் கடற்கரைக்கு ஓடினார்கள். ஒருவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். யாரோ கோயில் வட்சப் குழுவில் போட்டுவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் 'காணவில்லை' என்ற சொல்லை விளையாட்டுக்குச் சொல்வதில்லை. அது காதில் விழுந்தால் யாருடைய பிள்ளை என்று கேட்கமுன்னே எழுந்து ஓடுவார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கத்தினேன். வேலிக்கு வேலி மனிதர்கள் வெளியே வருவதைக் கண்டதும் நடிப்பெல்லாம் வடிந்து, "இல்லை, இல்லை, அவன் கடையில நிக்கிறான்" என்று சொல்லிச் சொல்லிக் கடையை நோக்கி ஓடினேன். நான் கடைக்கு ஓடுகிறேன் என்பது மட்டும்தான் அவர்களுக்கு விளங்கியது. அவர்களும் பின்னால் ஓடிவந்தார்கள்.

இதற்கிடையில் ரெஜினா டியூட்டி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். முன்சீட்டுப் பெண் தன் போனைப் பார்த்துவிட்டு, "நேர்ஸ் மிஸ்ஸின்ர சின்னவனையாமே காணேல்லை" என்று பக்கத்தவளிடம் சொன்னாள், அந்த மிஸ் பின்னால் இருப்பது தெரியாமல். கடைசி இரண்டு மைலும் தான் எழுந்து நின்றபடியே வந்ததாக ரெஜினா பிறகு சொன்னாள், நின்றால் பஸ் கெதியாகப் போகும் என்பதுபோல. கடைவாசலில் குதித்து இறங்கினால், அரிசி மூட்டையின் மேல் காலாட்டிக்கொண்டு, ஐஸ்பழம் சூப்பிக்கொண்டு ஜெரோம்.

பையைப் போட்டுவிட்டு அவனை அள்ளிக்கொண்டாள். அவன் நெளிந்தான்.

"விடுங்கோ அம்மா. அப்பாதான் கண்டுபிடிக்க வேணும்."

அந்த நேரத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன். தொண்டை கட்டி, மூச்சிரைக்க, ஒரு காலில் செருப்பும் பின்னால் இருபது சனமுமாக.

ரெஜினா என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தானாகவே மருந்து விழுங்கவைக்கும் பார்வை அது.

"சலீம் நானா உங்களுக்குப் போன் பண்ணினவராமே."

"ஓம்."

"பிள்ளை இஞ்சதான் நிக்கிறானெண்டு தெரியும்."

"ஓம்."

"பிறகேன் ஊரைக் கூட்டினனீங்கள்?"

சலீம் நானா திடீரென்று சவர்க்காரங்களை அடுக்கத் தொடங்கினார். சனம் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்குப் பதிலாக ஜெரோம் பேசினான்.

"அப்பா எனக்குச் செருப்பால எறிஞ்சவர்."

அவன் உதடு பிதுங்கியது. "நான் மூண்டு தரம் கூப்பிட்டனான். மேய்ப்பன் எறியேல்லைத்தானே அப்பா?"

முழந்தாளிட்டு அவன் கையைப் பிடித்தேன். சொல்லுக்குப் பேர்போன என் வாயில் அந்த நேரம் வந்தது இவ்வளவுதான்: "ஆடெண்டு நினைச்சிட்டன் மகன்."

"ஆடெண்டாத்தானே தேட வேணும்," என்றான் அவன்.

முதலில் சிரித்தது மேரியக்கா. பிறகு எல்லாரும். ரெஜினாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. ஜெரோம் மட்டும் சிரிக்கவில்லை. கதையின் மிச்சம் அவனுக்கு வரவேண்டியிருந்தது. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

தூக்கினேன். நற்செய்தியில் வரும் ஆட்டுக்கு நிறை சொல்லப்படவில்லை. அது எப்படியும் என் மகனைவிடக் குறைவு, ஐஸ்பழமும் சாப்பிட்டிராது. கொதிக்கும் தார்ரோட்டில் ஒற்றைச் செருப்போடு, கழுத்தில் இனிப்புத் தண்ணீர் வழிய, பின்னால் ஊர் வர, வீடுவரை சுமந்தேன். "அயலட்டையைக் கூப்பிடுங்கோ" என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. கூப்பிடத் தேவை இருக்கவில்லை. முற்றத்தில் வந்து நிறைந்துவிட்டார்கள். ரெஜினா டியூட்டி உடுப்போடேயே எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றினாள். சலீம் நானா ஒரு பெட்டி விசுக்கோத்து கொடுத்தனுப்பினார். தாராபுரம்வரை போய்த் திரும்பிய பெனடிக்ற் அண்ணை, கோப்பையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்த கிழமை மீன் விழுங்கின யோனாவின்ர கதையெண்டா வேளைக்குச் சொல்லும். நான் வள்ளத்துக்கு ஒழுங்கு பண்ணி வைக்கிறன்."

மெழுகுதிரியில் மேரியக்கா விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளை உண்மையாகத் துலையவில்லையே என்று வாதாடிப் பார்த்தேன். "அதை நீர் அந்தோனியாரோட கதைச்சுக்கொள்ளும்," என்றார். கொளுத்தினேன்.

சனம் கலைந்த பிறகு ரெஜினா பைபிளைத் திறந்து என் மடியில் வைத்தாள். "அடுத்த கதையையும் வாசியுங்கோ. ஒரு பொம்பிளை, துலைஞ்ச காசை வீட்டைக் கூட்டித் தேடினவள். அவள் ரோட்டில இறங்கிக் கத்தேல்லை."

குசினியில் மெரினா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

"தம்பி பத்தைக்குள்ள இருந்தது உனக்குத் தெரியுமோ?"

"ஓம். மூண்டு தரம் தண்ணியும் விசுக்கோத்தும் கொண்டுபோய்க் குடுத்தனான்."

"என்னட்ட ஏன் சொல்லேல்லை?"

"ஆரிட்டயும் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கினவன். அப்பிடியிருந்தும் சொன்னனான்தானே. நீங்கள் அதை எழுதிப்போட்டீங்கள்."

அன்றிரவே ரெஜினா சட்டம் போட்டாள். நான் எந்த பைபிள் கதையையும் முதலில் மெரினாவுக்குத் தனியாகச் சொல்லிக் காட்ட வேண்டும். அவள் சரியென்றால்தான் ஜெரோமுக்கு. நாலு வருடமாக இதுதான் நடைமுறை. தகப்பன் மகனைப் பலியிடப் போகும் ஆபிரகாம், ஈசாக்குக் கதையை நான் மலையடிவாரத்துக்குக் கொண்டுவரமுன்னமே தள்ளிவிட்டாள். குழந்தை மோசேயைக் கூடையில் வைத்து ஆற்றில் விட்டதற்கு, "கடல் கிட்ட அப்பா, வேண்டாம்" என்றாள். எரிகோ மதில் விழுந்த கதை, எங்கள் மதில் கட்டிப் பூசி முடியும்வரை ஒத்திவைக்கப்பட்டது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் பெனடிக்ற் அண்ணை இன்றைக்கும் கேட்பார்: "என்ன, இந்தக் கிழமை ஏதும் பாஸாச்சுதோ?" சலீம் நானா கடையில் முழு ஊரும் என்னை இதே கேள்வியோடுதான் வரவேற்கும்.

போன கிழமை ஊதாரி மகனின் கதையைக் கொண்டுபோனேன். மெரினாவுக்கு இப்போது பதின்மூன்று. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முழுதாகக் கேட்டாள். இளையவன் சொத்தை வாங்கிக்கொண்டு போனது, அழித்தது, திரும்பி வந்தது, தகப்பன் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தது, விருந்து, பாட்டு. மூத்தவன் மட்டும் கோபித்துக்கொண்டு வாசலில் நின்றது, தகப்பன் வெளியே வந்து அவனைக் கெஞ்சியது. நான் காற்றைக்கூட அளவோடுதான் வீசினேன்.

"கடைசியா மூத்தவர் உள்ளுக்குப் போனவரோ?" என்று கேட்டாள்.

"அது பைபிளில எழுதேல்லை பிள்ளை."

மூடிவைத்த புத்தகத்தைத் திரும்பக் கையில் எடுத்தாள்.

"அப்ப அவர் இன்னும் வெளியிலதான் நிக்கிறார்," என்றாள். "முதல் அவரை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ அப்பா. பிறகு தம்பிக்குச் சொல்லலாம்."