என்னாகுமோ அண்ணனும் சாம்பிராணிப் புகையும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓடும் அத்தனை வண்டிகளுக்காகவும் கவலைப்படுவதற்கென்றே ஒரு மனிதர் இருக்கிறார். சாயல்குடியில் கடற்கரைச் சாலையோரம் அவருடைய மெக்கானிக் ஷெட். எந்த போல்ட்டைக் கழற்றினாலும் “என்னாகுமோ” என்று முனகிவிட்டுத்தான் ஸ்பேனரை வைப்பார். அதனால் ஊருக்கு அவர் என்னாகுமோ அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

காற்றடிக்க வந்த லாரி டிரைவரிடம் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டவர் அவர். ஒரு வாத்தியாரின் காருக்கு பிரேக் மாற்றிக் கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் பைக்கில் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போயிருக்கிறார். வழிப்பறிக்காரன் என்று நினைத்த வாத்தியார், முதுகுளத்தூர் வரை பிரேக்கைத் தொடவே இல்லையாம்.

அப்படிப்பட்டவரிடம்தான் நிறைமாதமாக இருந்த மனைவியோடு நான் போய் நின்றேன்.

குழந்தை தலை திரும்பவில்லை, சாயங்காலத்துக்குள் மதுரைக்கு வந்து அட்மிட் ஆகிவிடுங்கள் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார். முகூர்த்த நாள். வாடகைக் கார் ஒன்றுகூட ஊரில் இல்லை. என் காரோ, ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் உதறி உதறி நின்றுபோனது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் முந்தின வாரமே பிளக்கை மாற்றினார்கள், சென்சாரை மாற்றினார்கள். உதறல் மட்டும் மாறவில்லை.

அண்ணன் என் மனைவியைப் பார்த்தார். வியர்த்தார். அவளுக்கு நாற்காலி போட்டுவிட்டு, ஸ்கேனரைக் காரில் சொருகினார்.

“தம்பி, கணக்குல வராத காத்து உள்ள போகுது. வண்டிக் கம்ப்யூட்டரு அதச் சரிக்கட்ட பெட்ரோலக் கூட்டிக் கூட்டி ஊத்துது. ரேஸ் பண்ணுனா ஓடுது, விட்டா திணறுது. எங்கனயோ ஓட்டை இருக்கு.”

“எங்கனண்ணே?”

“அதத்தான தேடணும். கிடைக்கலன்னா என்னாகுமோ.”

ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை எஞ்சினுக்குள் அங்குமிங்கும் நகர்த்தினார். ‘உஸ்’ என்று சத்தம் வரும் இடம்தான் ஓட்டையாம். ஆனால் கடல்காற்றும் உஸ் என்றது, பக்கத்து டீக்கடை ஸ்டவ்வும் உஸ் என்றது. அண்ணன் டீக்கடைக்காரரிடம் போய் அடுப்பை அணைக்கச் சொல்லிக் கும்பிட்டார். அவரும் அணைத்தார். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை.

மற்ற மெக்கானிக்குகள் இதற்குக் கிளீனர் ஸ்பிரே அடிப்பார்கள். “சூடான எஞ்சின்ல தீப்பிடிக்கிற சாமானையா?” என்று கேட்டு, அண்ணன் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினார். பலனில்லை. மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

கடைசியில் எஞ்சினை ஆறவிட்டு, ஒரு பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்தார். அதற்குள் கங்கும் சாம்பிராணியும். மூடியில் இரண்டு குழாய்கள். ஒன்று கால் பம்புக்கு, இன்னொன்று எஞ்சின் காற்று இழுக்கும் வழிக்கு. பக்கத்தில் மூன்று வாளி மணல். பம்பை மெதுவாக மிதித்தார். புகை உள்ளே போனது. ஷெட் முழுக்கக் கோயில் வாசனை. சாலையில் போன ஒரு அம்மா நின்று, என் காரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

“தம்பி, இங்கன பாருங்க.”

எஞ்சினுக்கு அடியில் சின்னக் கண்ணாடியைக் காட்டினார். வளைந்த ரப்பர் குழாய் ஒன்றின் அடிப்பக்கத்திலிருந்து நூல் மாதிரிப் புகை கசிந்தது. மேலிருந்து பார்த்தால் ஜென்மத்துக்கும் தெரியாத விரிசல். கம்பெனிக் குழாய் வர இரண்டு நாள் ஆகும். அண்ணன் தன் பெட்டியைக் குடைந்து, அதே அளவில் எண்ணெயும் சூடும் தாங்கும் குழாய் ஒன்றை எடுத்து மாட்டி, கிளிப்பை முறுக்கினார். ஸ்டார்ட் செய்தோம். எஞ்சின் பூனை மாதிரி குர்குர் என்றது. ஸ்கேனரில் பெட்ரோலைக் கூட்டிக் காட்டிய எண்கள் இறங்கின.

நான் கும்பிட்டேன். அவர் முகம் மட்டும் தெளியவில்லை. கிளிப்பை மூன்று முறை தொட்டுப் பார்த்தார். பிறகு ஷட்டரை இழுத்துவிட்டு, டூல்ஸ் பையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

“அண்ணே, நீங்க எதுக்கு?”

“வழியில நின்னா என்னாகுமோ. நானும் வாரேன்.”

மதுரை வரை தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி எஞ்சினைக் கேட்டுக்கொண்டே வந்தார். அருப்புக்கோட்டையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தேன். மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். எஞ்சின் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வலி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார்.

“அந்த ரயில்வே கேட்டுலயே வந்துருச்சு டாக்டர். சொன்னா இந்த அண்ணன் மயங்கி விழுந்துருவாரேன்னுதான் சொல்லல” என்றாள் என் மனைவி.

உடனே ஆபரேஷன் என்று அவளை உள்ளே கொண்டு போனார்கள். நான் பெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். கிரீஸ் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினார். சட்டை முழுக்க வியர்வை, கண் சிவந்திருந்தது.

கதவு திறந்தது. துணியில் சுற்றிய குழந்தையோடு வெளியே வந்த நர்ஸ் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். நேராக அண்ணனிடம் போய், “பொம்பளப் புள்ள. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. பிடிங்க அப்பா” என்று கொடுத்துவிட்டார். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குழந்தையைப் பார்த்தபடியே நின்றார்.

என் மகளை முதலில் கையில் ஏந்தியது நானில்லை. அதில் எனக்கு இன்றுவரை வருத்தமும் இல்லை.