மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால்

பட்டியல் பார்ப்பவர் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேருந்தில் உங்கள் தோளுக்கு மேலாக எட்டி, உங்கள் செய்தித்தாளை உங்களுக்கு முன்பே படித்து முடிப்பவர். நம் கண்டத்தில் எந்த நாடு எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டது, எந்த நாட்டுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பட்டியல் வருமே, அது வருகிற அன்று இவருக்குக் காலையிலிருந்தே சோறு தண்ணீர் இறங்காது. முதலிடம் யாருக்கு என்று பார்க்க மாட்டார். அது எப்போதும் அந்தப் பெரிய நாட்டுக்குத்தான். மலையோடு யார் மல்லுக்கு நிற்பது? முதலில் தன் நாட்டைத் தேடுவார். உடனே பக்கத்து நாட்டைத் தேடுவார். பக்கத்து நாடு கீழே இருந்தால், ஆகா, அருமையான பட்டியல். மேலே இருந்தால்? தயாரித்தவனுக்குக் கணக்கு வராது.

அப்போதுதான் வகுக்க ஆரம்பிப்பார். மக்கள்தொகையால் வகுப்பார். சரிவராவிட்டால் ஆராய்ச்சியாளர் எண்ணிக்கையால், அதுவும் காலை வாரினால் நிலப்பரப்பால், கடைசியில் கடற்கரையின் நீளத்தால். எதையாவது எதனாலாவது வகுத்துக்கொண்டே போனால் எந்த நாடும் எங்காவது ஓரிடத்தில் முதலாவதாக வந்துதானே தீரவேண்டும்?

இவரைப் பற்றி உனக்கெப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்கிற வேலையே இதுதான். ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பீட்டுப் பிரிவு என்று ஓர் அறை இருக்கிறது. அதற்கு நான் தலைவர். பிரிவில் வேறு யாரும் இல்லாததால் தலைமைக்குப் போட்டியும் இல்லை. நிலையத்தில் எனக்கு முதுகுக்குப் பின்னால் 'தசமப்புள்ளி' என்று பெயர். அதை முகத்துக்கு நேரே சொல்லும் ஒரே ஆள் என் மனைவி.

அவளும் அங்கேதான் வேலை செய்கிறாள், மேல்மாடி ஆய்வகத்தில். தக்காளிச் செடியின் வேரை அழுகவைக்கும் ஒரு பூஞ்சையை வருடக்கணக்கில் துரத்திக்கொண்டிருக்கிறாள். அவள் ஆராய்கிறாள், நான் எண்ணுகிறேன். சாப்பாட்டு மேசையில் எங்கள் இல்லறம் இப்படித்தான் நடக்கும்.

"இந்த வருஷம் உன்கிட்டேருந்து எத்தனை கட்டுரை வரும்?"

"முதல்ல அந்தக் கருமம் எப்படிப் பரவுதுன்னு தெரியட்டும்."

"தெரிஞ்ச வரைக்கும் எழுதி, ரெண்டாப் பிரிச்சுப் போட்டுடேன். எனக்கு ரெண்டு கிடைக்கும்."

"குழம்பை ரெண்டு கிண்ணத்துல ஊத்தினா ரெண்டு குழம்பு ஆயிடுமா? பேசாம சாப்பிடுங்க, தசமப்புள்ளி."

இந்த வருடப் பட்டியல் வந்தது. பக்கத்து நாடு எங்களைவிட ஓர் இடம் மேலே போயிருந்தது. ஒரே ஓர் இடம்தான். ஆனால் இயக்குநரின் முகத்தைப் பார்த்திருந்தால் எல்லையில் படையே வந்து நிற்கிறது என்று நினைத்திருப்பீர்கள். போதாக்குறைக்கு, கூட்டுக் கருத்தரங்குக்காகப் பக்கத்து நாட்டுக் குழு அந்த வாரமே வருவதாக இருந்தது.

"என்னய்யா, அவங்க முன்னாடி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கிறது? ஏதாவது ஒண்ணுல நாம முதல்ல இருக்கணும். எதுலன்னு நீ கண்டுபிடி."

கண்டுபிடித்தேன். மக்கள்தொகை கைவிட்டது, நிலப்பரப்பு கைவிட்டது, கடற்கரை பக்கத்து நாட்டுக்கே ஆதரவாக நின்றது. கடைசியில், ஓர் ஆண்டில் வெயில் அடிக்கும் நாட்களால் வகுத்தேன். மேகமூட்டம் வாழ்க! கண்டத்திலேயே முதலிடம். வெயிலுக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று இயக்குநர் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. மனைவியிடமும் பெருமையாகச் சொன்னேன். "பூஞ்சை மாதிரியெல்லாம் வச்சிருக்கிற என் உறைபெட்டிக் கதவு ரப்பர் பிஞ்சுபோய்க் கிடக்கு, மாத்தித் தரச்சொல்லி எழுதி எழுதிக் கை வலிக்குது, உங்க இயக்குநர்கிட்ட அதையும் எதாலயாவது வகுத்துப் பார்க்கச் சொல்லுங்க" என்றாள்.

கருத்தரங்கு நாள் வந்தது. என் வரைபடத்துக்குச் சுவர் அகலத்தில் ஒரு மின்திரை. கூடவே மேடை விளக்குகள், குளிர்சாதனங்கள், ஒலிபெருக்கிகள். மின்பணியாளர் தலையைச் சொறிந்தார். "சார், இது பழைய லைன். இவ்வளவு தாங்குமான்னு தெரியலை." "ஒரு மணி நேரம்தானே, தாங்கும்" என்றேன். ஒப்பீட்டுப் பிரிவின் தலைவர் சொன்னால் மின்சாரம் கேட்காதா என்ன?

மேடையேறினேன். முன்வரிசையில் பக்கத்து நாட்டின் ஒப்பீட்டுப் பிரிவுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், சட்டைப்பையில் கால்குலேட்டர். பார்த்தவுடன் இனம் இனத்தைக் கண்டுகொண்டது. நான் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல, அவர் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆக, இந்த முறையில் கணக்கிட்டால், கண்டத்திலேயே முதலிடம்..." என்று நான் கையை உயர்த்திய இடத்தில் மேலே எங்கோ படாரென்று ஒரு சத்தம். திரை அணைந்தது. மண்டபம் இருண்டது. இருட்டில் கால்குலேட்டர் மட்டும் மினுங்கியது.

மின்பணியாளர் ஓடிவந்தார். "கட்டடம் முழுக்கப் போச்சு சார். மெயின் கேபிளே கருகிடுச்சு. இன்னிக்கு வராது, நாளைக்கும் சந்தேகம்தான்."

இயக்குநருக்குத் தன் மானத்தைப் பற்றிய கவலை. எனக்கு என் கடைசி வாக்கியம் முடியவில்லையே என்ற கவலை. அப்போது பின்கதவைத் திறந்துகொண்டு என் மனைவி வந்தாள். அழவில்லை, கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"உறைபெட்டி நின்னுபோச்சு. கதவு வேற சரியா மூடாது. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் உருகிடும். இத்தனை வருஷம் வயல் வயலாப் போய் எடுத்தது. திரும்ப எடுக்கலாம்னா அந்த வயல்ல பாதிப் பேர் தக்காளியே போடுறதில்லை இப்போ."

பட்டியலில் முதலிடத்தில் இருந்தவனுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. கால்குலேட்டர்காரர்தான் எழுந்தார்.

"அம்மா, வழியில மண் மாதிரி எடுக்கறதுக்காக நாங்க குளிர்வண்டியோட வந்திருக்கோம். உள்ளே உறைபெட்டி காலியாத்தான் இருக்கு. எத்தனை தட்டு?"

"நிறைய."

"அப்ப எல்லாரும் வாங்க."

படிக்கட்டில் இரண்டு நாடுகளும் வரிசையாக நின்று குப்பித் தட்டுகளைக் கைமாற்றின. என் வலப்பக்கம் அவர், இடப்பக்கம் இயக்குநர். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அன்றுதான் ஆராய்ச்சி என்ற ஒன்றைக் கையால் தொட்டேன். விரல் மரத்துப்போனது. ஒரு குப்பிகூட உருகவில்லை. மாதிரிகளோடு அவர்கள் நாட்டு ஆய்வகத்துக்கு வண்டி கிளம்பும்போது மனைவியும் அதில் ஏறிக்கொண்டாள். "சாதம் நீங்களே வடிச்சுக்குங்க" என்பதுதான் எனக்குக் கிடைத்த பிரிவுரை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த நாட்டு வயல்களிலும் அதே வேரழுகல். அதே பூஞ்சை. அவர்கள் நாற்றுப்பண்ணைகளில் தேடியிருந்தார்கள்; இவள் வயல்களில் தேடியிருந்தாள். இரண்டையும் ஒட்டிப் பார்த்தபோது வழி புலப்பட்டது. நாற்றுத் தட்டுகளில் தேங்கும் தண்ணீரிலேயே அது குடியிருந்து, நாற்றோடு வயலுக்குப் போகிறது. தண்ணீரை வடித்துத் தட்டைக் காயவைத்தால் பாதிச் சண்டை முடிந்தது. அடுத்த பருவத்தில், விட்டவர்கள் சிலர் திரும்பத் தக்காளி போட்டார்கள். திரும்பிவந்த மனைவி என் அருகில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னபோது, அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை என் பட்டியலின் எந்தக் கட்டத்திலும் நான் எண்ணியதில்லை என்று தோன்றியது.

திருந்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? நாய் வாலை நிமிர்த்த முடியுமா? கட்டுரை இரு நாட்டுப் பெயர்களோடும் வெளிவந்த அன்றே கால்குலேட்டர்காரருக்குத் தொலைபேசினேன்.

"சார், கணக்குல இந்தக் கட்டுரையை ஆளுக்கு அரைன்னு போட்டுக்கலாமா?"

"அரையா? உறைபெட்டி எங்களோடது சார். முக்கால்."

"பூஞ்சை எங்களோடது!"

"எங்க வயல்லயும் இருந்துச்சே!"

அரை மணி நேரம் இப்படியே போனது. அடுத்த அறையிலிருந்து மனைவி கேட்டாள்: "அந்தப் பூஞ்சைக்கும் ஏதாவது பங்கு உண்டா?" கடைசியில் நாங்கள் இருவரும் தனித்தனியே ஒன்று என்றே போட்டுக்கொண்டோம். கண்டத்தின் மொத்தக் கணக்கில் ஒரு கட்டுரை கூடியிருப்பது இப்படித்தான். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

நல்லவேளை, நாம் இந்த இனமில்லை என்று நீங்கள் நிம்மதியாகச் சிரிக்கலாம். இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். பக்கத்து நாடு ஓர் இடம் மேலே என்றேனே தவிர, நாங்கள் எத்தனையாவது இடம் என்று நான் சொல்லவே இல்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உங்களுக்கு உள்ளுக்குள் அரிக்கிறதா? அப்படியானால் கூச்சப்படாமல் வாருங்கள். என் பிரிவில் இன்னொரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.