சடையாண்டிக் கரடியின் சவரம்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. எந்தக் காடு என்று என்னிடம் கேட்காதீர்கள். சொன்னால் அங்கிருந்து மறுப்பு அறிக்கை வரும், அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. கரடியின் பெயர் சடையாண்டி. பேருக்கேற்ற உருப்படிதான். முகத்தில் கண் எங்கே, வாய் எங்கே என்று அவன் பெண்டாட்டி அங்கம்மாவே சில நாள் விலக்கிப் பார்த்துத்தான் பேச்சைத் தொடங்குவாள்.

சடையாண்டிக்குத் தேன் கிடங்கில் காவல் வேலை. கரடியைத் தேனுக்குக் காவல் வைத்த மகராசன் யார் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் சடையாண்டி யோக்கியன். சம்பளமாகக் கொடுத்த தேனைத் தவிர ஒரு சொட்டு நக்கியவன் இல்லை. யோக்கியனாக இருந்தால் என்ன ஆகும்? வருஷக்கணக்காகத் தற்காலிகக் காவலாகவே கிடந்தான். அவனோடு மாற்றி மாற்றிக் காவல் இருந்த சங்கிலி என்ற நரியும் தற்காலிகம்தான். ஆனால் சங்கிலி யோக்கியத்தால் அப்படிக் கிடக்கவில்லை.

நிரந்தரம் ஆக ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு வருகிறவருக்குக் கிடங்கை ஒட்டிய கல்குகை குடியிருக்கக் கிடைக்கும். நல்ல குகை. ஊசிமுனை அளவு ஒழுகாது. சடையாண்டி குடியிருந்ததோ குகை என்று பேர், மழை வந்தால் வெளியே நிற்பதே மேல். அங்கம்மா நிறைமாசம். ஐப்பசி அடைமழை வாசலில் வந்து நின்றது. "ஈரத்துல குட்டி போட்டா குட்டி தங்காதுங்க" என்று அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்கப்புறம் சடையாண்டிக்குத் தூக்கம் போச்சு.

இந்தச் சமயத்தில்தான் கிடங்குக்கு ஒரு இயந்திரம் வந்து இறங்கியது. முகத்தைக் காட்டினால் ஆள் யார் என்று பார்த்து, "நன்றி" என்று சொல்லி வருகை போடும். சடையாண்டி பவ்யமாக முகத்தைக் காட்டினான்.

"போர்வையை விலக்கவும்" என்றது இயந்திரம்.

மேனேஜர் சிங்கம் அன்றைக்கே ஆலமரத்தடியில் நின்று உத்தரவு போட்டார். நிரந்தரம் ஆக வேண்டும் என்கிறவர்கள் முகத்தை மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு அமாவாசைக்கு மறுநாள் வந்து நிற்க வேண்டும்.

"அய்யா, உங்க பிடரி?" என்று சங்கிலி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டான்.

"அது பதவியோட வந்தது" என்றார் சிங்கம். பேச்சு அத்தோடு முடிந்தது.

டவுனுக்குப் போய்வரும் காக்கையிடம் சொல்லி, சடையாண்டி ஒரு சவரப்பெட்டி வாங்கினான். பிளேடு மாட்டுகிற கத்தி, ஒரு கட்டி சோப்பு, படிகாரக் கல், பன்றி மயிரில் செய்த பிரஷ். அந்த வழியாக வந்த காட்டுப்பன்றி பிரஷைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "எங்க பெரியப்பா சாயல்ல இருக்கு" என்றது. அப்புறம் ரொம்ப நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

முதல் சவரம் இருக்கிறதே, அந்தக் கண்றாவியை என்னவென்று சொல்ல! சோப்பாவது தண்ணியாவது, பிரஷைத் தொட்டால் பன்றி கோவித்துக்கொள்ளும் என்று அதை ஓரமாக வைத்துவிட்டு, காய்ந்த கன்னத்தில் கத்தியை வைத்தான். கரையான் புற்றைத் தோண்டிப் பழகிய கை அது. புற்று என்று நினைத்ததோ என்னவோ, ஒரே அழுத்து. கீழிருந்து மேலே ஒரு இழுப்பு. காட்டில் அன்றைக்குக் கேட்ட அலறலில் மரத்திலிருந்த பறவையெல்லாம் பக்கத்துக் காட்டுக்குக் குடிபோயின.

"அய்யோ, எரியுது அங்கம்மா! எரியுது!"

அங்கம்மா பதறிப்போய்த் தேனை எடுத்து வந்து கன்னம் முழுக்கத் தடவினாள். கரடி வம்சத்தில் எல்லாவற்றுக்கும் தேன்தான் மருந்து. வயிற்றுவலிக்குத் தேன், பல்வலிக்குத் தேன், தேன் தீர்ந்துபோன துக்கத்துக்கும் தேன். தேன் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. சடையாண்டி அப்பாடா என்று கண்ணை மூடினான். கண் திறந்தபோது இந்தக் காட்டு எறும்பு மட்டுமல்ல, சம்பந்தி வீட்டு எறும்பும் வந்திருந்தது. எறும்பை விரட்டத் தேனீ வந்தது. வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது போல் ஆயிற்று. மறுநாள் கன்னம் பலாப்பழம் மாதிரி முள்முள்ளாகத் தடித்துச் சிவந்திருந்தது.

"இனிமே கத்தியைத் தொட்டேன்னா பாரு" என்றான் சடையாண்டி.

அங்கம்மா தலைக்கு மேல் பாறையிடுக்கைப் பார்த்தாள். அங்கிருந்து ஒரு சொட்டு அவள் வயிற்றில் விழுந்தது. சடையாண்டி கத்தியைத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டான்.

பக்கத்துக் குட்டையில் பேச்சி என்று ஒரு எருமை இருந்தாள். காட்டில் என்ன கலவரம் நடந்தாலும் கழுத்தளவு தண்ணீரில் கிடந்துகொண்டே விசாரிக்கிறவள். அவளிடம் அங்கம்மா புலம்பினாள்.

"ஊறினாரா?" என்று கேட்டாள் பேச்சி.

"எதுக்கு ஊறணும் அக்கா?"

"அடி போடி. ஊறாத புளி கரையுமா, ஊறாத பருப்பு வேகுமா? ஊறாத மயிர் மட்டும் வந்துருமாக்கும்! வெதுவெதுன்னு வெந்நீர்ல துணிய நனைச்சு மூஞ்சில போட்டுட்டு உன் புருசனைப் பேசாம உக்காரச் சொல்லு. நான் வருசம் பூரா உக்காந்திருக்கேன், எனக்கு என்ன கெட்டுப்போச்சு?"

புண் ஆறும்வரை சடையாண்டி அந்தக் கன்னத்தைத் தொடவில்லை. ஆறியதும் வெந்நீர்த் துணியைப் போட்டு ஊறினான். பன்றியிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பிரஷை நனைத்து, சோப்பில் சுழற்றி, முகத்தில் சுற்றிச் சுற்றி நுரை கட்டினான். நுரை கட்டிய கரடியைப் பார்த்து ஒரு முயல் கும்பிட்டுவிட்டுப் போனது. கத்தியை வைக்கப் போகும்போதுதான் அங்கம்மா கையைப் பிடித்தாள்.

"எந்தப் பக்கம் இழுக்கப் போறீங்க?"

"எந்தப் பக்கமா இருந்தா என்ன?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்களுக்குப் பேன் பாக்குறவ நானு. எங்கெங்க மயிர் எப்படிப் படுத்திருக்குன்னு எனக்குத் தெரியாதா? கன்னத்துல கீழ பாத்துப் படுத்திருக்கு. கழுத்துல மேல பாத்து. தாடைக்குக் கீழ மட்டும் குறுக்கால, உங்க அப்பா புத்தி மாதிரி. அது படுத்த பக்கமே போங்க. எதுத்துப் போனா அது சும்மா விடுமா?"

அடேயப்பா! ஒரு கரடிக்குத் தன் முகத்தைப் பற்றித் தன்னைவிடப் பெண்டாட்டிக்கு அதிகம் தெரியும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சரியென்று படுத்த பக்கமே இழுத்தான். ஆனாலும் கை அழுத்தியது. புற்றுத் தோண்டிய கை லேசில் திருந்துமா? அங்கம்மா அந்தக் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே குட்டி புரண்டது. சடையாண்டியின் கை பஞ்சாகிவிட்டது.

"இப்ப வச்சிருக்கீங்கல்ல, இம்புட்டுத்தான் கனம். இதே மாதிரி கத்திய வைங்க. மத்ததைக் கத்தி பாத்துக்கும்."

அவ்வளவுதான் வித்தை. கத்தியைச் சாய்த்துப் பிடித்தான். தோலை ஒரு விரலால் இழுத்துக்கொண்டு சின்னச் சின்னதாக இறக்கினான். கத்தியை அப்பப்போ தண்ணீரில் அலசினான். விட்டுப்போன இடத்தை வெறுமனே சுரண்டாமல் மறுபடி நுரை போட்டு எடுத்தான். கடைசியில் பச்சைத்தண்ணீர் அடித்துக் கழுவி, படிகாரக் கல்லை ஒரு சுற்று தேய்த்தான். தேன் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அமாவாசை வருவதற்குள் சடையாண்டியின் முகம் வாழைக்குருத்து மாதிரி ஆகிவிட்டது. ஒரு கீறல் கிடையாது, ஒரு சிவப்பு கிடையாது. "இவ்வளவு லட்சணமாவா இருந்தீங்க? தெரிஞ்சிருந்தா எங்க அப்பா இன்னும் ரெண்டு தேன்கூடு சேத்துக் குடுத்திருப்பாரு" என்றாள் அங்கம்மா. சடையாண்டிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குகை கிடைத்துவிட்டது என்றே நினைத்துவிட்டான்.

சங்கிலி நரி அதுவரை சும்மா சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, அமாவாசை அன்றைக்கு யாரோ தூக்கியெறிந்த மழுங்கின பிளேடை எடுத்து வறட்டு வறட்டு என்று இழுத்தான். மறுநாள் முகத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு, "ஸ்ஸ்... அம்மா..." என்று முனகியபடி வந்து நின்றான்.

சடையாண்டி இயந்திரத்தில் முகத்தைக் காட்டினான். "நன்றி" என்றது. சங்கிலி காட்டினான். "ஆள் தெரியவில்லை" என்றது.

மேனேஜர் சிங்கம் சங்கிலியின் தோளில் கை போட்டார். "இயந்திரத்துக்கு இதயம் இல்லப்பா. எனக்கு இருக்கு. இந்தக் கிடங்குக்காக எம்புட்டு ரத்தம் சிந்தியிருக்கான் பாருங்க!" அப்புறம் சடையாண்டியின் பக்கம் திரும்பினார். முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நீ என்ன பண்ணின?"

"சவரம் பண்ணிருக்கேங்க அய்யா."

"பண்ணின மாதிரியே தெரியலையே. பிறக்கும்போதே இப்படித்தானா?"

"இல்லங்க அய்யா. முதல்ல வெந்நீர்ல ஊறி..."

"ஊறினானாம்! அவன் ரத்தம் சிந்தியிருக்கான், நீ வெந்நீர்ல சொகமா உக்காந்திருக்க. உழைப்பு மூஞ்சில தெரியணும்யா. நாளைக்குக் காலையில முடிவு சொல்லுவேன். போ, இன்னைக்கு ஒரு நாளாவது உழைச்சுட்டு வா."

சடையாண்டி வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. உள்ளேயும்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனதே என்று அவனுக்கு அழுகை வந்தது. அழுதான். அந்த மழமழ முகத்தில் கண்ணீர்கூட நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

நடந்ததைக் கேட்ட அங்கம்மாவுக்கு வந்ததே கோபம்! சிங்கத்தின் அம்மாவில் ஆரம்பித்துப் பிடரி வரைக்கும் ஒரு மூச்சு திட்டி முடித்தாள். பிறகு எழுந்து, வேலியில் படர்ந்திருந்த கோவைக்கொடியில் நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து ஒரு கை பறித்து வந்தாள்.

"நாளைக்குக் காலையில நல்லா ஊறிச் சவரம் பண்ணுங்க. படிகாரம் போடுங்க. அதுக்கு மேல இதை நசுக்கித் தடவிக்கிட்டு, இலவம்பஞ்சைப் பிச்சு ஒட்டிக்கங்க. நடுவுல நடுவுல 'ஸ்ஸ்'ன்னு இழுங்க."

"பொய் இல்லையா அது?"

"சவரம் பண்ணினது பொய்யா? பொடி எழுத்து தெரியாத கண்ணுக்குக் கொட்டை எழுத்துல எழுதிக் காட்டுறோம், அவ்வளவுதான். அழுத பிள்ளைதாங்க பால் குடிக்கும். நீங்க என்கிட்ட அழுது என்ன பிரயோசனம்? போய் அங்க அழுங்க."

மறுநாள் சடையாண்டி போய் நின்ற கோலத்தைப் பார்த்துக் கிடங்கே கிடுகிடுத்தது. முகமெல்லாம் செக்கச்செவேல். தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சங்கிலியும் வந்திருந்தான். பாவம், முந்தின நாள் கிடைத்த பாராட்டில் மயங்கி, புண்ணின் மேலேயே மறுபடி இழுத்துக்கொண்டு நிஜமாகவே ரத்தம் வழிய நின்றான். ஆனால் நரி முகம் பிறவியிலேயே செம்பட்டை. அதில் ரத்தம் வந்தால்தான் என்ன, வராவிட்டால்தான் என்ன?

சடையாண்டி இயந்திரத்தில் முகத்தைக் காட்டினான். "அய்யோ" என்றது இயந்திரம்.

சிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இயந்திரமே உருகிருச்சு! ஒரே ராத்திரியில எம்புட்டு உழைப்பு! இவனுக்குக் குடுக்காம வேற எவனுக்குய்யா குடுக்கிறது?"

"அய்யா, என்னோடது நிஜ ரத்தம்!" என்று கத்தினான் சங்கிலி.

"அடுத்தவன் உழைப்பைப் பார்த்துப் பொறாமைப்படாதே" என்று சொல்லிவிட்டு சிங்கம் சாவியைச் சடையாண்டியிடம் கொடுத்தார். சடையாண்டி மறக்காமல் "ஸ்ஸ்" என்றான்.

கல்குகையில் அங்கம்மாவுக்கு இரட்டைக் குட்டி பிறந்தது. வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. சடையாண்டி குட்டிகளைத் தூக்கிக் கன்னத்தோடு வைத்துக்கொள்வான். மழமழ கன்னம், குட்டிக்கு உறுத்தாது. அந்தச் சுகத்துக்கு எந்த நிரந்தரமும் ஈடில்லை என்று சொல்லலாம்தான். ஆனால் நிரந்தரம் இல்லாமல் அந்தக் குகை இல்லையே.

மழை விட்ட ஒரு நாள், முகமெல்லாம் பொருக்குத் தட்டிப்போய் சங்கிலி வந்து வாசலில் நின்றான். "அண்ணே, எரிச்சல் தாங்கலண்ணே. கோவைப்பழ வாசனை எனக்கு அன்னைக்கே தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல. எனக்கும் கத்துக்குடுங்க."

சடையாண்டிக்கு மனசு கேட்கவில்லை. புண் ஆறும்வரை கத்தியைத் தொடாதே என்று சொல்லி அனுப்பி, ஆறியதும் கூப்பிட்டு வெந்நீர்த் துணியைப் போட்டு உட்கார வைத்தான். நுரை, சாய்ந்த கத்தி, படுத்த பக்கம், படிகாரம். நரி முகம் முதல் தடவையாகக் கீறல் இல்லாமல் பளபளத்தது. சங்கிலி தன் கன்னத்தைத் தானே தடவித் தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்போது வெளியே சிங்கத்தின் இருமல் கேட்டது. சோதனைக்கு வந்துவிட்டார்.

குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அங்கம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி, கூடையிலிருந்து ஆளுக்கு ஒரு கோவைப்பழத்தை எடுத்து வீசினாள்.

நீதி: வெந்நீரில் ஊறு, நுரை கட்டு, கத்தியை அழுத்தாதே, மயிர் படுத்த பக்கமே போ, எரிச்சல் வராது. மேலதிகாரி வந்தால் மட்டும், எரிச்சல் வந்த மாதிரி இரு.