முப்புள்ளியாரின் மேலான கருத்துக்காக

"இல்லாத மனுஷனை நான் எப்படி சார் அவமானப்படுத்த முடியும்? கத்தல சார், என் குரலே இதுதான். மன்னிப்புக் கடிதமா? தாராளமா எழுதறேன், அவரோட விலாசம் குடுங்க."

ஆய்வு மாணவி போனை வெச்சா. அந்தப் பக்கம் பேசினது அருங்காட்சியகத்தோட உடை வரலாற்றுப் பிரிவு இயக்குநர்.

விஷயம் இவ்வளவுதான். அருங்காட்சியகத்துல ஒரு பழைய கோட்டு, காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூல்ல மூணு புள்ளி. பதிவேட்டுல 'வடிவமைப்பாளர் பெயர்'னு ஒரு கட்டம். எந்தக் கட்டமும் காலியா இருக்கக்கூடாதுங்கறது விதி. அந்தக்கால எழுத்தர் ஒருத்தர் 'முப்புள்ளியார்'னு எழுதிட்டுச் சாப்பிடப் போயிட்டார். அப்புறம் என்ன, பாடப்புத்தகம், விருது, நூற்றாண்டு விழான்னு அவர் பாட்டுக்கு வளர்ந்துட்டார்.

நாலு வருஷம் மண்டையை உடைச்சு மாணவி கண்டுபிடிச்சது ஒண்ணுதான்: அது துணி மாறிடாம இருக்கச் சலவைக்கடைக்காரர் போட்ட குறி. கோட்டு வந்த வீட்டுத் தலையணை உறையிலயும் அதே மூணு புள்ளி.

அவளோட ஆய்வு நெறியாளர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "அப்போ தலையணை உறையும் அவர்தான் வடிவமைச்சிருக்கார். தனி அத்தியாயமா போடும்மா."

"சார், அப்படி ஒருத்தர் இல்லவே இல்ல."

"இல்லைன்னா இறப்புச் சான்றிதழ் இருக்கணுமே?"

"பொறக்காதவருக்கு ஏது சார் இறப்புச் சான்றிதழ்?"

"அப்போ உயிரோட இருக்கார்னுதான் அலுவலகம் எடுத்துக்கும். உயிரோட இருக்கறவரைப் பத்தி எழுதினா அவர் ஒப்புதல் வேணும்."

ஆய்வேடு 'மேற்படியாரின் மேலான கருத்துக்காக' அனுப்பப்பட்டது. விலாசம் தெரியாததால கோட்டு இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள்ளயே வெச்சுப் பூட்டினாங்க. பதில் வர்ற வரைக்கும் பட்டம் நிறுத்திவைப்பு.

இதுக்குள்ள ஊர் முழுக்கப் புது ஃபேஷன். காலர்ல மூணு புள்ளி இல்லாதவன் மனுஷனே இல்ல. மாணவியும் வெச்சுக்கிட்டா, எதிர்ப்பைக் காட்டவாம். சலவைக்கடையில எல்லாத் துணிக்கும் ஒரே குறி. எது யாரோடதுன்னு தெரியாம, கைக்கு வந்ததை மடிச்சுக் குடுத்தாங்க.

முப்புள்ளியார் நூற்றாண்டு விழா அன்னிக்கு மேடையில இயக்குநருக்குக் கை தட்டக்கூட முடியல, சட்டைக்கை விரலைத் தாண்டித் தொங்குது. நெறியாளருக்குப் பட்டன் எட்டல, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்ந்திருந்தார். கூட்டமே சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு, "இந்த வருஷ கட்டிங் இதுதான்"னு ஒருத்தரை ஒருத்தர் பாராட்டிக்கிட்டது.

மாணவி ஏறிப்போய் மைக்கைப் பிடுங்கினா.

"இயக்குநர் ஐயா, அது சலவைக்குறி இல்ல, கலைதான்னே வெச்சுக்குவோம். இத்தனை பேர் முன்னாடி வாயைத் திறந்து சொல்லுங்க, நீங்க போட்டிருக்கறது யார் சட்டை? அப்படியே கீழ உக்கார்ந்திருக்கறவங்கள்ல என் சட்டையைப் போட்டிருக்கறது யாரோ, அவங்க எழுந்து நின்னு சொல்லுங்க. இது எனக்குத் தோள்ல நிக்கல."