உள்ளே உட்கார்ந்திருந்த வழுக்கைக்காரர்

ஒரு மனிதன் தன் உச்சந்தலையை நேராகப் பார்க்கவே முடியாது. பிடரி, முதுகு எல்லாம் அப்படித்தான். ஊரில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சொந்தக்காரன் மட்டும் பார்க்க முடியாது. (யார் செய்த ஏற்பாடோ, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.) இந்த ஏற்பாட்டால் எழுபதுகளின் கடைசியில், டெல்லி ஆர்.கே.புரத்தில், ஒரு வீட்டின் முன்னறையில் என் மானம் போனது.

அப்போது எனக்கு முப்பது ஆகவில்லை. மத்திய அரசில் குமாஸ்தா. திருநெல்வேலியிலிருந்து வந்து, மோதி பாக் குவார்ட்டர்ஸில் அக்கா, அத்தான் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். என் முன்முடி அபாரமாக இருக்கும். நெற்றியில் விழும் சுருளைச் சரிசெய்வதிலேயே என் காலைகள் கழிந்தன. முடிவெட்டிக்கொள்வது வேப்பமரத்தடியில். மரத்தில் ஆணியடித்து ஒரே ஒரு கண்ணாடி. முன்பக்கம் மட்டும் தெரியும். உச்சியில் சீப்பு தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். தேங்காயெண்ணெயின் மகிமை என்று பெருமைப்பட்டேன்.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் புரியவில்லை. டெல்லி பஸ்ஸில் பின்வாசலில் ஏற வேண்டும். கண்டக்டர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். நான் டிக்கெட் வாங்கி நகர்ந்ததும், "ஓ கஞ்சே பாய், ஆகே படோ!" என்று முதுகுக்குப் பின்னால் கத்துவார். 'முன்னால் போ' என்பது புரிந்தது. கஞ்சா எங்கிருந்து வந்தது? பால் வாங்கும் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மாளும் யாரிடமோ என்னைக் காட்டி "கஞ்சா" என்றாள். நான் பீடிகூடத் தொட்டதில்லை! கண் சிவந்திருக்கிறதா என்று தினமும் கண்ணாடியில் சோதித்தேன். நடை தள்ளாடுகிறதோ என்று விறைப்பாக நடந்தேன். அக்காவிடம் கேட்கப் பயம். தம்பி கஞ்சாக் கேஸ் என்று அன்றே ஊருக்குக் கார்டு எழுதிவிடுவாள்.

இந்த நிலையில்தான் அக்கா, அத்தானோடு கோமதியைப் பெண் பார்க்கப் போனேன். கோமதி டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா என்னைவிடப் பல படி மேலே இருந்த அதிகாரி. நான் விறைப்பாகவே உள்ளே நுழைந்து, காட்டிய சோபாவில் விறைப்பாகவே உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, ஆளுயரக் கண்ணாடி பதித்த ஸ்டீல் பீரோ. எதிரே, இடதுபுறம், உள்ளறை வாசல். அதன் திரை பாதி விலகியிருந்தது.

அந்த இடைவெளியில் ஓர் ஆள் தெரிந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். உச்சியில் இட்லி அளவுக்கு வழுக்கை, டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளத்தது. என்னுடையதைப் போலவே மெரூன் ஸ்வெட்டர். (அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நடைபாதைக் குவியலில் வாங்கிய மெரூன் ஸ்வெட்டர் அந்த வருடம் பாதி டெல்லியின் உடம்பில் இருந்தது.)

யார் இவர்? எனக்கு முன்பே வந்த இன்னொரு மாப்பிள்ளையா?

"தம்பி, எந்த செக்‌ஷன்ல இருக்கீங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

எஸ்டாப்ளிஷ்மெண்ட் என்று சொன்னேன். சொல்லும்போதும் பார்வை உள்ளேதான். பஜ்ஜி எடுக்கக் குனிந்தேன், அவரும் குனிந்தார். ஓஹோ, அவருக்கும் பஜ்ஜி! அத்தானின் காதில் கிசுகிசுத்தேன்.

"அத்தான், உள்ள ஒருத்தன் இருக்கான். நமக்கு முன்னாலயே வரச்சொல்லிட்டாவ."

"யாரைச் சொல்லுதீரு? பேசாம பஜ்ஜியத் தின்னும்," என்றார் அத்தான். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒன்றும் தெரியாது.

கோமதி காபி கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு என் சோபாவுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அடுத்த நிமிடம், அவள் ரகசியம் என்று நினைத்துச் சொன்னது முன்னறை முழுக்கக் கேட்டது.

"மம்மி! லட்கா தோ கஞ்சா ஹை!"

எனக்குத் தெரிந்த ஹிந்தியில், 'பையன் கஞ்சா' என்று அர்த்தமாயிற்று. பஸ்ஸில் ஆரம்பித்த பழி இங்கேயும் வந்துவிட்டது! துள்ளி எழுந்தேன்.

"சார்! சத்தியமாச் சொல்லுதேன், நான் பீடிகூடக் குடிச்சதில்ல! சோதனை போடணும்னா உள்ள உக்காந்திருக்காரே அந்த வழுக்கைக்காரர், முதல்ல அவரைப் போடுங்க!"

பெண்ணின் அப்பா எழுந்து போய்த் திரையை முழுதாக விலக்கினார். உள்ளே ஆள் இல்லை. ஒரு டிரெஸ்ஸிங் டேபிள், அதன் கண்ணாடி, கண்ணாடிக்குள் எனக்குப் பின்னால் இருந்த பீரோ. பீரோவின் கண்ணாடியில் மெரூன் ஸ்வெட்டர் போட்ட ஒரு முதுகு. நான் கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார்.

"தம்பி," என்றார் பெண்ணின் அப்பா மிகவும் மெதுவாக, "ஹிந்தியில கஞ்சான்னா வழுக்கை."

என் கை உச்சந்தலைக்குப் போனது. இத்தனை நாள் எண்ணெய் வழுக்கல் என்றே நம்பி ஏமாந்த கை. அங்கே குளிர்ந்த, வழவழப்பான ஒரு மைதானம் இருந்தது.

சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்தது. தொடர்ந்து சிரிப்பு. ஒருத்தி சிரித்தாளா, நாலு பேர் சிரித்தார்களா என்று இன்றுவரை தெரியாது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

பின்னாலேயே ஓடிவந்த அக்காவைப் பஸ் நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டேன். "ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"உனக்குத் தெரியும்னுல்லா நெனைச்சோம்! உன் தலைல நடக்கது உனக்குத் தெரியாதாலே?"

"வருத்தப்படுவீருன்னு நானும் கேக்கல," என்றார் அத்தான். "போன தீபாவளிக்கே பெருசாத்தான் இருந்துது."

அலுவலகம், மார்க்கெட், பஸ் முழுக்க எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சம்பந்தப்பட்டவனுக்கு மட்டும் யாரும் தகவல் கொடுக்கவில்லை. அன்று பஸ்ஸில் கடைசிவரை சீட்டில் உட்காரவில்லை. யாருக்கும் பின்பக்கத்தைக் காட்டாமல் எங்கே நிற்பது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே வீடு வந்துவிட்டது.

சம்பந்தம் முறிந்தது என்று எல்லோரும் முடிவுகட்டிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமதியின் அப்பா மோதி பாக் வந்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள ரொம்பச் சிரமப்பட்டார்.

"பொண்ணு சம்மதிச்சுட்டா. அவ சொன்னதை அப்படியே சொல்லிடறேன். 'ரெண்டு பேர் வந்தாங்க. அந்த வழுக்கைக்காரர் பேசவே இல்லை. பேசினவரே போதும்'னு சொல்றா."

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு ஆண்கள். நான் ஏதாவது மறந்தால், "உங்ககிட்ட சொல்லலையோ? அச்சா, அவர்கிட்ட சொல்லியிருப்பேன்" என்பாள் கோமதி. சண்டை போட்டு நான் திரும்பி உட்கார்ந்தால், என் உச்சந்தலையைப் பார்த்து, "நீங்களாவது நியாயத்தைச் சொல்லுங்க ஜி" என்பாள். குழந்தைகளும் பழகிக்கொண்டார்கள். மார்க் குறைந்தால் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துக்கு என் பின்னால் வந்து நிற்பார்கள்.

போன மாதம் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றேன். அந்த அபாரமான முன்முடியில் கடைசிச் சுருளும் சீப்போடு வந்துவிட்டது. கோமதி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் என் முகத்தையும் நேரில் என் பின்தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பாடா, ரெண்டு பேருக்கும் ராசியாயிடுச்சு," என்று காபி போடப் போனாள்.